சிந்துவுக்குச் சொல்ல ஒரு பேர்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் பெரிய கப்பல் வந்ததற்கு மறு வருஷம், மழை மாசம், செவ்வாய்க்கிழமை ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் இப்படிப் பேசி வைக்கக் காட்டித் தந்தது சிந்துதான். சோஷியல் வொர்க் படிக்கிற பெண். டிரெயினிங்குக்காக வாரம் ஒருமுறை என்னைப் பார்க்க வருகிறாள். இன்று அவள் பேசுவதைக் கவனித்து மார்க் போட டீச்சரும் கூட வந்திருந்தார்.

"அப்பூப்பா, திடீர்னு உடம்பு வய்யாம ஆனா யாரைப் போன்ல விளிக்கணும்?" என்று சிந்து கேட்டாள். அவளுக்கு நான் தாத்தா மாதிரி, அப்பூப்பா.

"உன்னைத்தான் மோளே. உன்னை விட்டா யாரு இருக்கா?"

மார்க் கூடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அவ ஸ்டூடன்ட், அப்பூப்பா. அடுத்த மாசம் போயிருவா. வேற ஆளு வேணும்," என்றார் டீச்சர். போகும்போது வாசலில், "உன் நம்பர் கொடுத்தியா?" என்று அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. படிக்கிற பிள்ளைகள் சொந்த நம்பர் கொடுக்கக் கூடாதாம்; பாவம், அவள் கொடுக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்குள் ஒரு பேர் வேண்டும். வேலை செய்த நாளிலிருந்து நான் குடியிருக்கிற பொன்முடி எஸ்டேட் லயத்தை, அந்த வரிசை வீடுகளை, வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். என் வீட்டில் நான் மட்டும். குழாயடி வரைக்கும் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசி வீட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான். என் ஆட்டின் காலை ஒடித்தவன். அதற்குப் பிறகு பேசியதில்லை. இருக்கட்டும், அவன் பேரையே சொல்கிறேன். தங்கப்பன்.