மெரண்டா ஒருமுறை நின்றதாம்

டூங்கபி,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் யசோதரனுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோவும் அவருடைய வாயும் முந்தின மாதிரியேதான். நீ அந்தச் சரக்குக் கப்பலில் சுகமாய் இருக்க நல்லூர்க் கந்தனை மன்றாடுகிறேன். போனில் சொன்னால் "ஓகே அம்மா" என்று வைத்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன், கப்பல் துபாய்க்கு வந்ததும் கடிதத்தை ஏஜென்ட் கையில் தருவார் என்றாயே.

போன கிழமை முதியோர் சங்கத்தோடு துறைமுகத்தில் ஒரு கண்காட்சிக்குப் போனோம். மெரண்டா என்று நூறு வருசத்துக்கு முந்தின பயணிகள் கப்பல், சின்னதாய்ச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். முதலில் பியானோ எல்லாம் வைத்து லண்டன் பணக்காரரை ஏற்றி வந்ததாம், சண்டை வந்ததும் கட்டில்களைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்தை ஏற்றியதாம், பிறகு வெள்ளை அடித்துக் காயப்பட்டவர்களை, பிறகு பிழைக்க வந்த ஏழைச் சனத்தை, கடைசியில் வேறு கொம்பனிக்கு விற்றுப் பேரையும் மாற்றி, கிழடானதும் இரும்புக்கு உடைத்துவிட்டார்களாம். அப்பா எல்லாத்துக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார், கண் முழுக்கக் கன்ரீன் பக்கம். எனக்கென்றால் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு வசந்தினி அன்ரியைக் கொண்டு அங்கே விளக்கம் சொன்ன மனுசியிடம் ஒன்றே ஒன்று கேட்பித்தேன், இவ்வளவு காலம் ஓடின கப்பல் நடுக்கடலில் யாருக்காவது நின்றதா என்று. ஒருமுறை நின்றதாம். தாழ்ந்துகொண்டிருந்த மீன்பிடி வள்ளத்தை மேல்தட்டில் காவல் நின்றவன் கண்டு சொன்னானாம், பிந்திப் போனதற்குக் கொம்பனி கப்டனிடம் விளக்கம் கேட்டதாம். நான் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் போகப்போகுது வா என்றார். அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை.

மகன், நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வள்ளத்தில் வந்தபோது நீ சின்னப் பிள்ளை, எவ்வளவு ஞாபகமோ தெரியாது, நீயும் ஒருநாளும் கதைத்ததில்லை. எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்தபோது ஒரு பெரிய கப்பல் கிட்டப் போனது. அப்பா உன்னைத் தோளில் தூக்கி வைத்தார், நீ கை காட்டினாய். மேலே ஒரு ஆள் நின்றதைக் கண்டேன், அவனும் எங்களைக் கண்டவன். கப்பல் போய்விட்டது. இப்போது அவன் நின்ற இடத்தில் நீ காவலுக்கு நிற்கிறாய். வேலை பழகவந்த பெடியன்தானே என்று வாயை மூடிக்கொண்டு இராதே. கண்டால் உனக்கு மேலே உள்ள பெரியவரிடம் சொல்லு, அவர் கேட்காவிட்டால் கப்டனை எழுப்பு. வேலை போனால் வீட்டுக்கு வா, உனக்கு இங்கே சோறு இருக்கிறது.

கந்தன் துணை இருப்பான். குளிரில் காதை மூடிக்கொள், மருந்தை மறவாதே.

உன் அம்மா,
புஸ்பராணி

மகன், அவன் கண்டவனோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் அண்டைக்கு இடுப்பில கட்டியிருந்த சாரத்தை அவிட்டுத்தான் வீசிக் காட்டினனான். அது நீலச் சாரம். கடலில நீலமா ஏதும் அசைஞ்சா, அலை எண்டு விட்டிடாத. — அப்பா