கே. பெரியசாமி

இன்று காலை என் கைபேசி ஒரு கேள்வி கேட்டது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவலாமா என்று. எல்லோரும் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிற கேள்விதான். நான் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே சிரிப்பு. முப்பது வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவளுக்கு ஒரு பட்டனை அழுத்தப் பயமாம். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உனக்குச் சொல்லவே வேண்டாம், சிநேகிதி. நீ போய்ச் சேர்ந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். எங்கள் ப்ரோகிராமை வாங்கியவர்களின் இடத்துக்கே போய் அதை மெஷினில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஐந்து ஃபிளாப்பிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். வெயில் பட்டால் போச்சு, தூசி பட்டால் போச்சு, மடங்கினால் போச்சு. பையைத் தூக்கி இஞ்சின் மூடி மேல் வைக்கச் சொன்ன கண்டக்டரோடு ஒரு நாள் சண்டையே போட்டேன். வழியெல்லாம் ஒரு பயம் என்றால், வந்து இறங்கிய பிறகு அதைவிடப் பெரிய பயம். பழைய ப்ரோகிராமை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் அந்த மெஷினில் எதுவுமே இருக்காது. அந்த நேரத்தில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

நீ பெரம்பலூர் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தாய். எந்த விவசாயியின் கரும்பை எந்த நாளில் வெட்டலாம் என்று சீட்டு அச்சடிப்பது உன் பொறுப்பு. கட்டிங் ஆர்டர் என்பார்கள். உங்கள் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நீ. அந்த நாற்காலியில் நீ ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குரும்பலூர் பக்கத்து ஊர் ஒன்றில் மட்டும் பெரியசாமி என்று பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரே குலசாமிக்கு நேர்ந்துகொண்டு தலைப்பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள். அப்பா பெயரும் நாலைந்து பெயருக்குள்தான் சுற்றும். அதனால் ஊரில் வீட்டுப் பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள். கிணத்து வூட்டுப் பெரியசாமி, கல்லு வூட்டுப் பெரியசாமி, கூரை வூட்டுப் பெரியசாமி. சீட்டில் பதிவு எண் இருக்கும். ஆனால் வெட்டுகிற ஆட்களின் மேஸ்திரி எண்ணைப் பார்க்க மாட்டார், எந்த வூடு என்றுதான் கேட்பார். எனக்கு முன்னால் அங்கே வந்துபோன எங்கள் ஆள், நீ கேட்டாய் என்பதற்காக, இனிஷியல் போடுகிற இடத்தைப் பன்னிரண்டு எழுத்தாக நீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் ஆங்கில எழுத்தில் நீ ஏற்றி வைத்திருந்தாய். இந்த மாற்றத்தை அவர் எங்கள் ஆபீஸில் எங்கும் குறித்து வைக்கவில்லை. பிறகு வேலையை விட்டும் போய்விட்டார்.

அன்று புதிய பதிப்போடு வந்தேன். மெஷினில் இருப்பதையெல்லாம் முதலில் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு இருபது ஃபிளாப்பியும் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். எனக்குத் திருச்சி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயம். "காப்பி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாய். எடுத்துட்டேங்க என்றேன். எடுக்கவில்லை. அழிக்கலாமா என்று திரை கேட்டது. ஆம் என்பதற்கான ஒய் என்ற எழுத்தை அழுத்தினேன்.

புதிய பதிப்பு ஏறியது. ஆலைக்குக் கரும்பு பற்றாமல் இருந்ததால் சீட்டுகளை உடனே அச்சடித்தாய், பீல்டுமேன் வாங்கிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். நான் மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது நீ கார்பன் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கே. பெரியசாமி. கே. பெரியசாமி. கே. பெரியசாமி. புதிய பதிப்பில் இனிஷியலுக்கு ஓரெழுத்துதான் இடம். கிணற்று வீடும் கல்லு வீடும் கூரை வீடும் அந்த ஓரெழுத்தில் நின்றுவிட்டன.

எடுத்து வைத்த காப்பியை மெஷினில் போடச் சொன்னாய். இல்லை என்றேன். நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஆலை ஜீப் வெளியே போயிருந்தது. ரோட்டுக்கு நடந்து வந்து பெரியசாமிகளின் ஊருக்கு பஸ் பிடித்தோம். அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் நேராக வீட்டுப் பெயரை நினைவிலிருந்து நீ எழுதிக்கொண்டே வந்தாய். உன் அம்மா கூலிக்குப் போகாத கொல்லை அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊர்த் தெரு முனையில் நின்றுவிட்டாய். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. "எனக்கு இந்த மெஷின்லாம் பயம் இல்லங்க. இந்தத் தெருதான் பயம். எங்கம்மா இங்க செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போவும்" என்றாய். குனிந்து உன் காலைப் பார்த்தாய். பிறகு செருப்போடு நடந்தாய். நான் உன் பின்னால் வந்தேன். அதுவரை என் பயம்தான் உலகத்திலேயே பெரிய பயம் என்று நினைத்திருந்தவள் நான்.

கல்லு வூட்டுக் கொல்லையில் ஏற்கெனவே அரிவாள் இறங்கியிருந்தது. ஏழு மாதக் கரும்பு. இன்னும் நாலைந்து மாதம் நிற்க வேண்டியது இரண்டு வரிசை படுத்துக் கிடந்தது. கல்லு வூட்டுப் பெரியசாமி ஒரு கரும்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மேஸ்திரி சீட்டை நீட்டிக்காட்டி, ஆர்டர்படிதான் வெட்டினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியசாமி எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு போட்ட சீட்டு இது?"

சுற்றிலும் அரிவாளோடு ஆட்கள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வரவில்லை.

"நாந்தாங்க" என்றாய் நீ.

அவர் உன் முகத்தைப் பார்த்தார், பிறகு உன் செருப்பைப் பார்த்தார். உன் அம்மாவை இழுத்து அவர் பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் முடிக்கும்வரை நின்றாய். பிறகு மேஸ்திரி கையிலிருந்த சீட்டை வாங்கி, கே என்ற எழுத்தை அடித்துவிட்டு, அதன் மேல் தமிழில் கிணத்து வூடு என்று எழுதிக் கொடுத்து, அங்கே போகச் சொன்னாய். மற்றச் சீட்டுகளையும் அப்படியே திருத்தினாய். வேறு எந்தக் கொல்லையிலும் தப்பு வெட்டு விழவில்லை.

திரும்புகிற பஸ் பெரம்பலூர் வந்தது. இறங்கும்போது சொன்னாய்: "காப்பி எடுக்காதது கூட போவட்டும். நீ வாயத் தொறந்திருக்கலாம்." அதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாய். முதல் நீ அப்படித்தான் வந்தது.

அடுத்த வாரம் அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸுக்குப் போனேன். அழிக்கலாமா என்று திரை கேட்டது. கை எழவே இல்லை. அங்கிருந்தவரிடம், இதில் நீங்களாக ஏதாவது மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கல் ஏற்றிப் போகும் கல்லங்குறிச்சி வண்டிக்கு மட்டும் பாதை பெருமாள் கோயில் வழி என்று சேர்த்திருப்பதாகத் தயங்கிச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டு பிரதி எடுத்தேன். பஸ் போனது, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த ஊர் மெஷினைத் தொட்டாலும் முதல் கேள்வி அதுதான்.

உன்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து, கரும்பு வண்டிகளை நிறுக்கும் எடைமேடைக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்த வீட்டுப் பெயர்கள் வேறு யாருக்கும் தெரியாததால், எடைமேடை வேலை முடிந்த பிறகு வந்து நீயேதான் மறுபடி ஏற்றிக் கொடுத்தாய். ஒரு அரவைப் பருவம் முழுக்க அப்படி. பன்னிரண்டு எழுத்துக்கு இடம் வைத்த அடுத்த பதிப்போடு நான் வந்தபோது, "காப்பி?" என்றாய். இருபது ஃபிளாப்பியையும் மேஜையில் பரப்பிக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தாய். அதற்குப் பிறகு நாற்பது வருடம் நாம் சிநேகிதிகள். கல்யாணம், பிள்ளைகள், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் வந்தாய்.

ஒன்றை மட்டும் நாம் பேசவே இல்லை. உன்னை எடைமேடைக்கு அனுப்பியது, எங்கள் கம்பெனி ஆலைக்கு எழுதிய ஒரு கடிதம். ஆலை ஊழியர் அனுமதி இல்லாமல் ப்ரோகிராமை மாற்றியதால் வந்த பிழை என்று அதில் இருந்தது. மேலாளர் சொல்லச் சொல்ல எழுதி, வேலை போய்விடும் என்ற பயத்தில் கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று நீ கேட்டதே இல்லை. தெரிந்தும் கேட்கவில்லையா, தெரியவே தெரியாதா என்று நினைத்து நினைத்து, ஒவ்வொரு முறை உன் வீட்டுப் படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மணியை அடிப்பேன்.

கைபேசி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீயும் ஒரு தடவை கேட்டுவிடு, யாரு போட்ட கையெழுத்து அது என்று.

நாந்தாங்க.