வாடா ராசா, வா

மார்ச் 4

மூன்றாவது வீடியோ மென்பொருளும் காலை வாரிவிட்டது. "முற்றிலும் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஜனவரியில் நான் எடுத்த, பாலத்தின் மேல் சரக்கு ரயில் வரும் காட்சியை வெட்டி, ஒட்டி, அழகு பார்த்துச் சேமித்தால், இன்ஜின் மூஞ்சிக்குக் குறுக்கே பட்டையாக அவன் கம்பெனிப் பெயர்! எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டணுமாம். தம்பியிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "அக்கா, ஓசியில குடுக்கறவன் எதையாவது புடுங்கிக்காம விடமாட்டான்" என்றான்.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், நடுவில் கேட்கும் என் வீட்டுக்காரர் குரலை நீக்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 9

மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். நான் ரயிலைப் படம் பிடிக்கக் கிளம்பினால் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். அதற்குக் கூலி மாதிரி, ரயிலின் தலை தெரிந்ததும் "வாடா ராசா, வா!" என்று ஒரு கத்தல். தண்டவாளம் அதிர்வது, ஹாரன், எல்லாவற்றின் மேலும் இவர் தொண்டைதான். இத்தனை வருடமாக ஒலியை மொத்தமாக அடைத்துவிட்டு ஒரு பாட்டைப் போடுவேன், அசலை அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் இடம் ஏது? இந்தத் தடவை ரயில் சத்தம் வேண்டும் என்று ஆசை.

"பூட்டுக் கடையில நாள் பூரா இரும்போடதான் பேசறேன். ரயிலும் இரும்புதானே. நாலு வார்த்தை பேசினா உனக்கென்ன குறைஞ்சா போகுது?"

குரல் கரகரத்தது. ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. "நல்லதாப் போச்சு, எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதி" என்றேன்.

மார்ச் 15

கிடைத்துவிட்டது! பெயர்ப் பட்டை இல்லை, காசு கேட்கவில்லை. "இரைச்சல் நீக்கு" என்று ஒரு பொத்தான்கூட இருக்கிறது. ஆசையாக அழுத்தினேன்.

ரயிலைக் காணோம். படத்தில் ஓடுகிறது, சத்தமே இல்லாமல். "வாடா ராசா, வா" மட்டும் கணீரென்று, காதுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி. அந்த மென்பொருளுக்கு ரயில்தான் இரைச்சலாம்! இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, அதுக்காவது என் அருமை தெரியுது." சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 2

வெறும் தொண்டைக் கட்டு இல்லை. புற்று.

ஏப்ரல் 6

"குரல்வளையை முழுசா எடுத்தாகணும்மா. சீக்கிரம் வந்ததால உயிருக்குப் பயமில்ல. ஆனா இந்தக் குரல் திரும்ப வராது" என்றார் டாக்டர். பிறகு கருவி வைத்துப் பேசப் பழகலாமாம். அது வேறு மாதிரி இருக்குமாம்.

படியிறங்கும்போது இவர் சொன்னார்: "விடு, உனக்கு ஒரு வேலை மிச்சம்."

ஏப்ரல் 7

பழைய படம் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். பாட்டு. பாட்டு. எல்லாவற்றிலும் பாட்டு. அடிப்பாவி, ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா? அழித்ததை மீட்டுத் தரும் மென்பொருளையும் இறக்கிப் பார்த்தாயிற்று. ஒன்றும் வரவில்லை. மிச்சம் அந்தப் பாலத்துக் காட்சி ஒன்றுதான்.

"மாமாவை இப்பவே பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணுக்கா" என்றான் தம்பி. போனை நீட்டினேன். "என்னத்தப் பேச? மரண வாக்குமூலம் மாதிரி இருக்கு, எடு அந்தப் பக்கம்" என்றார். அதுவும் வெறும் காற்றாகத்தான் வந்தது.

ஏப்ரல் 11

நாளைக் காலை ஆபரேஷன். துண்டு எங்கே, சாவி எங்கே என்று பகலெல்லாம் என்னிடம் எரிந்து விழுந்தார். எடுத்துக் கொடுக்காமல், அந்தக் காற்றுக் குரலிலாவது கத்தட்டும் என்றே விட்டேன்.

மே 3

கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் இப்போது மூச்சு விடுகிறார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சுவரைத் தட்டுகிறார். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்க யார் யாரோ பேசக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பயமாக இருக்கிறது.

மே 19

இன்று துணிந்து அந்தக் காட்சியைப் போட்டேன், இரைச்சல் நீக்கியதை. தலையைச் சாய்த்துக் கேட்டார். ஸ்லேட்டை எடுத்து எழுதினார்: "ரயில் எங்கே?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "அது இல்லாம நான் யாரைக் கூப்பிடறேன்? போடு."

நீக்காத அசலைப் போட்டேன். ரயில் வந்தது, அவர் குரலின் மேல் ஏறி ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஜூன் 8

பாலத்துக்குப் போனோம். ஸ்டாண்டை அவர்தான் தூக்கி வந்தார், தரமாட்டேன் என்றார். ரயிலின் தலை தெரிந்தது. பழக்கம்தானே, வாயைத் திறந்துவிட்டார். பிறகு மூடிக்கொண்டார். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஹாரன், தண்டவாளம், பாலம் முனகுவது, எல்லாம் நான் ஆசைப்பட்ட மாதிரியே. யார் குரலும் குறுக்கே இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் மட்டும், கழுத்துத் துளையிலிருந்து புஸ்ஸென்று ஒரு மூச்சு.

அதை வெட்டவில்லை. பாட்டும் போடவில்லை. அசலை அப்படியே வைத்திருக்கிறேன்.