மதினியின் பேர் போட்ட கோப்பை

என் ஆசை மதினி பேச்சியம்மாவுக்கு,

நீ இல்லாத முதல் ஓட்டம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வரும்வரை, பெண்களுக்கென்று நடக்கும் அந்த ரோட்டு ஓட்டத்தில் முதல் பரிசு எனக்குத்தான். வந்த வருடமே, வேடிக்கை பார்க்க நின்றவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாய், ஜெயித்தாய். அதற்குப் பிறகு உன் முதுகைப் பார்த்தே ஓடினேன். கொழுந்து கிள்ளப் போனாலும் உன் கூடைதான் முதலில் நிறையும். பேச்சி மாதிரி வருமா என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் விடிகாலையில் ஓடிப் பழக உன்னைத்தான் எழுப்புவேன். வேறு யாரோடு ஓடுவது?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, அழுது ஓய்ந்த ஒரு நாளில், இனி முதலிடம் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

மூணாறில் வழக்கம்போலக் கூட்டம். வட்டவடை ஊர்க்காரிகள் ஜீப்பில் வந்து இறங்கி எல்லோருக்கும் கேரட் கொடுத்தார்கள். ஒருத்திக்கொருத்தி முதுகில் நம்பர் துணியைக் குத்திவிட்டோம். அப்புறம் மைக்கில் சொன்னார்கள், இந்த வருடம் முதல் பரிசு 'பேச்சியம்மா நினைவுக் கோப்பை' என்று. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. ஜெயித்தாலும் உன் பேரைத்தான் நான் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? செத்த பிறகும் நீயே முன்னால் ஓடினால் நான் என்ன செய்வேன் மதினி?

மாட்டுப்பட்டி ஏற்றத்தில் மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நானும் கொல்லங்கோட்டிலிருந்து வந்த சிவகாமி என்ற பெண்ணும் மட்டும் முன்னால். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். நான் உன் நாத்தனார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்போல, ஓடிக்கொண்டே உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, இந்த ஏத்தத்துல அவங்க எப்படிங்க ஓடுவாங்க?"

குனிந்த தலை நிமிராமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடுவாய் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் அப்படியே ஓடினாள். நான் சொன்னதை வைத்தே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். மறுபடியும் நான் இரண்டாவது.

மேடையில் அவள் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபோது எனக்குள் எரிந்தது பழைய எரிச்சல் இல்லை. என் மதினி பேர் இன்னொருத்தி வீட்டுக்குப் போவதா? கொல்லங்கோட்டில் உன்னை யாருக்குத் தெரியும்?

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"இது உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க அக்கா. உங்க மதினி பேருதானுங்களே."

என் கை நீண்டுவிட்டது. அப்போதுதான், முன்பு ஒரு வருடம், இந்த ஒரு தடவை விட்டுக்கொடேன் என்று நான் உன்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "ஓடி வாங்கிக்கோ ராணி" என்று நீ கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கோபத்தில் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ எனக்காக ஒருநாளும் வேகத்தைக் குறைத்ததில்லை.

கையை மடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம் தாயி. அடுத்த வருசம் ஓடியே வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு."

விட்டுவிட மாட்டேன் என்று அவள் சிரித்தாள். பஸ் ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் நான் தோற்றதைக் கேட்கவில்லை. கோப்பையில் உன் பேரை எப்படி எழுதியிருந்தார்கள் என்றுதான் கேட்டான். பெரிய எழுத்தில் என்றேன்.

அந்தக் கோப்பை இப்போது இன்னொருத்தி வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை மதினி. அடுத்த வருடம் உன் பேரை நம் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். யாரும் விட்டுக்கொடுத்து அல்ல, ஓடித்தான்.

உன்னைத் துரத்தியே பழகிய நாத்தனார்,
செல்வராணி