பேனரில் மிஞ்சிய கை

மணலூர்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு, அம்மா கண்ணகி சொல்லச் சொல்ல உன் தங்கை அபிநயா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் போன மாதம் பிறந்த கன்றுக்குட்டியும் சுகமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். சுகம் என்று சொன்னாலும் என் வலது கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, கரும்பில் காய்ந்த சோகை இலையை உரிக்கும்போது கத்தி பட்டுவிட்டது, இரண்டு தையல்தான், பயப்படாதே. அதனால்தான் எழுதுகிற வேலை இவளிடம் போய் மாட்டிக்கொண்டது. (அண்ணா, வணக்கம். அம்மா சொல்வது வெளியே, நான் சொல்வது இந்த அடைப்புக்குறிக்குள்ளே. கையெழுத்து என்னுடையது, தலையெழுத்து அம்மாவுடையது. அம்மா கண்ணாடியை ஜெயசுதா அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்தும் தெரியாது. நான் வாசித்துக் காட்டுவதுதான் கடிதம். அடைப்புக்குள் இருப்பதை வாசிக்க மாட்டேன். அதனால் தைரியமாகப் படி.)

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நான் அழுதால் உடனே நீ டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய், சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. பக்கத்துத் தெரு கந்தசாமி வியாழக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறான், அவனிடம் மிளகாய்த் தூளும், முறுக்கும், ஜெயசுதா வெள்ளிமலையிலிருந்து வாங்கி வந்த சாமை அரிசியும் கொடுத்து அனுப்புகிறேன், அந்தப் பெட்டியிலேயே இந்தக் கடிதமும் வரும். ஜெயசுதா மகள் எழில்மதியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. ஒரு போட்டோகூட உனக்கு அனுப்பக் கூடாது என்று இவளுடைய போனையும் பிடுங்கி வைத்திருந்தேன். (நான்கு நாள். என் வாழ்க்கையின் இருண்ட காலம்.)

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று, நம் ஜெயசுதா சோறு தின்னவில்லை. பிள்ளைக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான், உன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மாப்பிள்ளை அன்புச்செல்வன் நல்ல மனுசன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய பெரியப்பா சடையன்தான் "தாய்மாமன் இல்லாத காதுகுத்து இன்னா காதுகுத்து, தள்ளிப் போடுங்க" என்று ஒரே பிடியாக நின்றார். மூன்று வயதில் விட்டால் அப்புறம் ஐந்தில்தான் குத்துவார்கள். உனக்குப் பதிலாக உட்காரச் சொல்ல நம் பக்கம் இருக்கிற ஒரே ஆள் என் அண்ணன் பச்சமுத்து. அவர் நம் வீட்டு வாசல் மிதித்து நான்கு வருசம் ஆகிறது.

அந்தச் சண்டையும் ஒரு பேனரால் வந்ததுதானே. ஜெயசுதா கல்யாணத்துக்குக் கடைத்தெருவில் அச்சுக்கடை வைத்திருக்கிற பாவாடை அடித்துக் கொடுத்த பேனரில், நீ அனுப்பிய மாமா போட்டோ மங்கலாக இருக்கிறது என்று அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கடைசி வரிசையில், உன்னோடு கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கு நடுவில் வைத்துவிட்டான். தாய்மாமன் என்று ஒரு வார்த்தை இல்லை. மண்டபத்து வாசலில் அதைப் பார்த்துவிட்டு அவர், "சீரு தூக்கிக்கினு வர மட்டும் நானு, படத்துல நிக்க நான் ஆகாதா" என்று சீர்த்தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் நைனார்பாளையத்துக்குத் திரும்பிவிட்டார். அப்பாவும் ரோசக்காரர், "வாசல்ல தட்ட வெச்சிட்டுப் போனவரு வூட்டுக்கு இனிமே என் காலு போவாது" என்று சொன்னவர் சொன்னதுதான். நீ இத்தனை வருசமும் உன் போட்டோவால்தான் எல்லாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறாய், எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை பேனரை யார் வடிவமைப்பது என்று பேச்சு வந்தபோது, நான் செய்கிறேன் என்று இவள் குதித்தாள். நீ போகும்போது அந்த லேப்டாப்பை விற்காமல் இவளுக்கு விட்டுப் போனாயே, வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் போனில் உட்கார்ந்து இதை இப்படி அமுக்கு, அதை அப்படி இழு என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தாயே, அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். அதற்கு முன்னால் இவள் அதில் செய்த வேலையெல்லாம் உனக்குத் தெரியும். (உன்னை ஒட்டகத்தின் மேல் உட்கார வைத்த படமும் அதில் ஒன்று, அது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா அதைப் பால் சொசைட்டி முழுக்கக் காட்டியது. அம்மா இன்றைக்கும் அந்த ஒட்டகத்துக்கு யார் தண்ணி வைக்கிறார்கள் என்று கவலைப்படுகிறது.) ஆனால் இந்தத் தடவை ஒழுங்காக உட்கார்ந்தாள். எழில்மதி பெயரைப் பெரிதாக எழுதி, நான் கட்டிய கதம்பத்தைப் போட்டோ எடுத்து, அந்தப் பூவை அப்படியே எழுத்துக்குள் ஊற்றி வைத்தாள். சுழி சுழியாக மல்லியும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும், எழுத்தைத் தொட்டால் கையில் வாசம் வரும் போல இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் சரிகை மாதிரி ஒரு விளிம்பு, கீழே நிழல். (நிழலுக்கே இருபது தடவை. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் எல்லா எழுத்தின் நிழலும் மறுபக்கம் விழ வேண்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. 'காதணி விழா' என்பதற்கு மூன்று மஞ்சளைக் கலந்து தங்கம் செய்தேன். சேதாரம் இல்லாத தங்கம்.) உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "எழுத்து எரியற மாதிரி போடேன், நெருப்பு போட்டாத்தான் தூரத்துலேருந்து தெரியும்" என்றார். காதுகுத்துக்கு எதற்கு நெருப்பு என்று நான் விரட்டினேன். பின்னால் வெள்ளிமலைக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து இவள் எடுத்த மலையை வைத்து, கொஞ்சம் புகை மாதிரி மங்கலாக்கி இருந்தாள்.

நீ வர முடியாவிட்டாலும் படத்திலாவது பெரிதாக நிற்க வேண்டும் என்றேன். உன் நல்ல போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஜெயசுதா கல்யாணத்தன்று காலையில் எடுத்தது. அப்போது பேனர் கட்டவில்லை, சண்டையும் வரவில்லை, மாமா உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். அதிலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்தாள். வெட்டினவள் ஒழுங்காக வெட்டினாளா. மாமாவின் உடம்பை எடுத்துவிட்டு, உன் தோள்மேல் கிடந்த அவர் கையை எடுக்க மறந்துவிட்டாள். ஆலையில் கரும்பு விடும்போது ஆள்காட்டி விரல் பாதி போன கை, பக்கத்து விரலில் வெள்ளி மோதிரம், அப்படியே உன் சட்டைமேல் இருந்துவிட்டது. இவள் கவனம் இல்லாதவள், எனக்கும் கண் சரியில்லை, அச்சடித்துக் கட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் நான் பார்த்தேன். (அண்ணா, இது நமக்குள் இருக்கட்டும். மறக்கவில்லை. நானூறு சதவீதம் பெரிதாக்கி அந்தக் கையில் இருக்கிற மயிரைக்கூட எண்ணினேன். முதலில் அழித்தும் விட்டேன், சுத்தமாக. ஆனால் கை போன பிறகும் உன் சட்டையில் அது அமுக்கிய மடிப்பு போகவில்லை. அந்த மடிப்பைத் தேய்த்தால் தோள் வீங்குகிறது, விட்டால் கண்ணுக்குத் தெரியாத யாரோ உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. மூன்று சாயங்காலம் மல்லுக்கட்டினேன். அழித்தது மாஸ்க் போட்டு மறைத்துத்தான், அதன்மேல் ஒரு தடவை வெள்ளையைத் தீற்றினால் மறைந்தது திரும்ப வந்துவிடும். தீற்றினேன். வந்துவிட்டது. விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே, ஏற்கெனவே போன் போயிருக்கிறது.)

மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோவில் நைனார்பாளையம் தாண்டித்தான் இருக்கிறது, உறவுக்காரர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடைச் சுவரில் கடைக்காரர் பாரதியைக் கேட்டுப் பேனரைக் கட்டினார்கள். தினமும் காலையில் அந்தக் கடையில்தான் உன் மாமா டீ குடிப்பார். முதல் நாள் பார்த்தாராம், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாராம். இரண்டாம் நாள் கிட்டே போய்த் தன் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். மூன்றாம் நாள் பாரதிக்குத் தாங்கவில்லை, "இன்னா பெரியவரே, ஊருக்கே கையக் காட்டிட்டு நீ மட்டும் இங்க டீ குடிச்சிக்கினு கெடக்கற" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்குக் கோவிலில் மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டார், காது குத்த ஆசாரி வந்துவிட்டார், யார் மடி என்பது மட்டும் முடியவில்லை. உன்னை வீடியோவில் கூப்பிட்டு போனை மனைப்பலகையில் வைத்துவிடலாம் என்று இவள் ஒரு யோசனை சொன்னாள், சடையன் அதற்கு, "புள்ளய போன் மேலயா ஒக்கார வெப்ப" என்று கத்தினார். ஜெயசுதா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் உன் மாமா வண்டியில் வந்து இறங்கினார். தலையில் துண்டு, கையில் தட்டு, தட்டில் பட்டுத்துணி, வெள்ளிக் கொலுசு, ஒரு சீப்பு பழம். நேராக என் முன்னால் வந்து நின்று, "இன்னா கண்ணகி, ஆளு வேணாம், கை மட்டும் போதும்னு வெச்சிக்கினியா" என்றார். உன் அப்பாதான் மெதுவாக எழுந்து போனார். நான் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அவர் போய் இரண்டு கையாலும் அந்தத் தட்டைப் பிடித்து, "குடுங்க மச்சான், எம்மாநேரம் தூக்கிக்கினு நிப்பீங்க" என்றார். நான்கு வருசத்துக்கு முன்னால் தரையில் வைத்த தட்டு அது என்று எனக்குத் தோன்றியது.

சடையன் அப்போதும் விடவில்லை, "இவரு புள்ளைக்குத் தாத்தா மொறையாச்சே, தாய்மாமன் எடத்துல எப்பிடி ஒக்கார்றது" என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டு, "ரோட்டுல பேனர நல்லாப் பாத்துட்டு வாங்க சம்மந்தி. அறிவு தோள்மேல கெடக்கறது யாரு கை? அவனால வர முடியல, கைய அனுப்சிட்டான். நான் ஒக்காந்தா அவன் ஒக்காந்த மாதிரிதான்" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது, சடையனும் சிரித்துவிட்டார். எழில்மதி யார் மடியிலும் இருக்காமல் நெளிகிற பிள்ளை, அவர் மடியில் உட்கார்ந்து அந்தப் பாதி விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, ஒன் வெரல யாரு தின்னுட்டா" என்று கேட்டது. அவர் கரும்பு தின்னுடுச்சி என்றார். கரும்பா, கரும்பா என்று அது யோசிப்பதற்குள் ஆசாரி இரண்டு காதையும் குத்திவிட்டார். (அப்புறம் அழுத அழுகை மஸ்கட் வரைக்கும் கேட்டிருக்குமே, கேட்கவில்லையா?)

இனிமேல் நீ அந்தப் பழைய போட்டோவை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. உன் படிப்பும் உன் பொறுமையும் இவள் விரல் வழியாக வந்து என் அண்ணனை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மாமா போன ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார், கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்தாயா என்று கேட்டார், சோறு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாமை அரிசியைக் கழுவி ஊற வைத்து வடி, குழைய விடாதே. அந்த முறுக்கை ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்க்காதே. லீவு கிடைத்ததும் முதலில் நைனார்பாளையம் போய் மாமாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும், மறக்காதே. பெட்டியில் அந்தப் பேனரின் சின்னப் படம் இருக்கிறது, படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டி வை. நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, ஊர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா கண்ணகி, அப்பா ராஜாங்கம்

(எழுத்து, நிழல், தங்கம், பூ, மலை, புகை: அபிநயா. கை: மாமா.)

அறிவு, இது அம்மா எழுத்து. கட்டுப் போட்ட விரலை மடக்காமல் எழுதுகிறேன், கோணலாகத்தான் வரும். கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இவள் கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். என் கண்ணாடி ஜெயசுதா வீட்டில் இருந்தால் என்ன, உன் அப்பா கண்ணாடி எனக்கும் சேரும். அடைப்புப் போட்டு எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன். ஒட்டகம் பொய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, இருக்கட்டும். அந்தக் கையை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இவள் முடித்துக் காட்டும்போதே பார்த்தேன். அம்மா இல்லாத பிள்ளையாக எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை, அரை விரல் இல்லாவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா. உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் "போதும், அச்சுக்குக் குடுத்துடு" என்று மட்டும் சொன்னேன். இவளிடம் நீ சொல்லாதே, தான்தான் எல்லாரையும் ஏமாற்றினோம் என்று சந்தோஷமாகத் திரியட்டும். இதை நானே மடித்து ஒட்டிக் கந்தசாமியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா