விழுங்காத மாத்திரை

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வராத சேதி, அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி. என்னால்தான் இப்போதெல்லாம் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம், என் பெருங்குடலைத் தவிர. ஆறு மாதமாகப் புண், ரத்தமும் போகிறது. எந்தக் கடையில் கழிப்பறை உண்டு, எதில் தாழ்ப்பாள் சரியில்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஊரையே சிரிக்க வைக்கிறவன், தங்கச்சியிடம் போய் இதையா சொல்வது? மறைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் புது மாத்திரையைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன். டாக்டர் விளக்கும்போதே தெரிந்துவிட்டது, அது உன் கம்பெனியில் நீ உருவாக்கிய மாத்திரை. கொத்தவரை விதைப் பசையைச் சும்மா பூசினால் வயிற்றிலேயே ஊறிக் கரைந்துவிடும், அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டால் பெருங்குடல் வரை தாங்கும், அங்கிருக்கிற கிருமிகளே உறையைத் தின்று மருந்தைத் திறந்துவிடும் என்று நீ சொல்லிச் சொல்லி என் காது புளித்த கதைதானே! பெருமை தாங்கவில்லை. ஆனாலும் உறவைச் சொல்லவில்லை.

எனக்கு மாத்திரை விழுங்க வராது என்பது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? முழுசாக விழுங்குகிறீர்களா என்று நர்ஸம்மா கேட்டபோதெல்லாம் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இடித்து, தேனில் குழைத்து நக்கினேன். நீ வருஷக்கணக்காகப் பின்னிய உறை, என் ஒரே தட்டில் தூள்.

போன வாரம் போனில் அழுதாயே, ஒருத்தருக்கு மட்டும் மருந்து சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிடுகிறது, உறை வயிற்றைத் தாண்டவில்லை, இந்தப் பசையையே கைவிடலாம் என்கிறார் மேலதிகாரி என்று. யார் அந்த மகாராசன் என்று நான்கூடக் கேட்டேன். நான்தானம்மா.

உன் அண்ணியிடம் சொன்னேன். ஐம்பது வயசு ஆளுக்கு மாத்திரை இறங்காதாம், பொய் மட்டும் வழுக்கிக்கொண்டு வருமாம் என்றாள். நாளைக் காலையில் டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிடுவேன். பாதி வழியில் நான் திரும்பிவிடாமலிருக்க அவளும் வருகிறாள். சோதனையிலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் என்ன மருந்து என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதை விடு. உன் உறையில் குற்றமில்லை என்று மேலதிகாரியிடம் தைரியமாகச் சொல்.

நீ நன்றாக இருப்பாய். கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டு வாயாரத் திட்டு. திட்டி முடித்ததும் உடனே போனை வைத்துவிடாதே.

உன் அண்ணன்