பூ இருந்த பக்கம்

டீச்சர்,

காலையில் சர்க்கரைவள்ளியை, நம் வத்தாளங்கிழங்கை, இரண்டாக நறுக்கியதும் அதன் பச்சை வாசம் எழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் காலமான செய்தியை உங்கள் தம்பி வந்து சொல்லிப் பத்து நாளாகிறது. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஒரே மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நாம் படிப்பித்தோம். உங்களுக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. சித்திர பாடத்துக்கு வர்ணம் கிடையாது. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பழந்துணி மடிப்பில் ஊற்றுவீர்கள். அலுவிகாரையில் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கிண்டிய கிழங்கைப் பாதியாக வெட்டி, பூவும் நட்சத்திரமும் செதுக்கிக் கொடுப்பீர்கள். பிள்ளைகள் தாளில் அழுத்தி எடுப்பார்கள். விழுந்த அச்சைப் பார்க்கும் முன்னே உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். என் வகுப்பும் எழுதுவதை விட்டுவிட்டு அங்கேதான் பார்க்கும்.

பிறகு அரிசியும் மாவும் கிடைக்காத வருஷம் வந்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு வந்தார்கள். ஒருநாள் பாடம் முடிந்து அச்சுக் கிழங்குகளைத் திருப்பி வாங்கியபோது ஒன்று குறைந்தது. முத்துலெட்சுமியின் உதடு நீலமாக இருந்தது.

"தின்னுட்டியாம்மா?" என்று கேட்டீர்கள்.

"பூ இருந்த பக்கத்தத் திங்கல டீச்சர்" என்று அவள் கையை விரித்துக் காட்டினாள்.

நீங்கள் அவள் வாயைக் கழுவிவிட்டீர்கள். அடுத்த வாரத்திலிருந்து சித்திர பாட நேரத்தில் கிழங்கு அவிந்தது. உப்புத் தூவி, ஆளுக்கு ஒரு துண்டு. என் வகுப்புக்கும் கொடுத்தீர்கள்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளின் அச்சு வேலைகளைக் கேட்டார். காட்ட ஒன்றுமில்லை. பாட நேரத்தில் சமையல் நடக்கிறதென்று ஹெட்மாஸ்டர் சொன்னார். உங்களை வெளியே நிறுத்திவிட்டு, ஹெட்மாஸ்டர் அறையில் என்னிடம் விசாரித்தார்கள். நான் மாத்தளை டவுனுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்த சமயம் அது.

"ஆமா சார், அவிச்சாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்களை நாவுலப் பக்கம் மாற்றினார்கள். பஸ் ஏறும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பொய் சொல்லலயே டீச்சர்" என்றீர்கள். கோபமே இல்லாத குரல். அதற்குப் பிறகு நாம் சந்திக்கவில்லை.

அடுத்த பள்ளித் தவணையில் எனக்கு டவுன் மாற்றம் கிடைத்தது. முத்துலெட்சுமி என்ன ஆனாள் என்று நான் விசாரித்ததில்லை. உங்களுக்கும் ஒரு கடிதம் போட்டதில்லை.

அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. இத்தனை வருஷமும் அது என்னிடமே இருக்கிறது. இன்று கேட்க நீங்கள் இல்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்:

பிள்ளைங்க பசியில இருந்தாங்க, சார்.